உயிர்ப்புத் திருநாளும் நம் கண்ணீரும்

(பத்தாம் வகுப்பு ‘ஆ’ பிரிவு மாணவி)

தமிழ்க் கத்தோலிக்கராகிய நமக்குப் பெரிய வெள்ளியை அனுசரிக்க மிக நன்றாகத் தெரியும். விபூதிப் புதனன்று நெற்றியில் சாம்பல் பூசிக்கொண்டது முதல் வீட்டில் இறைச்சி கிடையாது, கலியாணம் கிடையாது, சில வீடுகளில் பெண்கள் தலையில் பூவும் வைப்பதில்லை. வெள்ளிக்கிழமைதோறும் பதினான்கு தலங்களிலும் முழந்தாளிட்டுச் சிலுவைப்பாதை செய்கிறோம். குருத்து ஞாயிற்றில் கொண்டுவந்த ஓலையைச் சிலுவையாக மடித்து வீட்டு நிலையில் செருகுகிறோம். பெரிய வெள்ளியன்று கஞ்சி குடித்துவிட்டு, வெயிலில் வரிசையில் நின்று, பாடுபட்ட சுரூபத்தை முத்தி செய்கிறோம். பாட்டிமார் வியாகுலப் பிரசங்கம் கேட்டுத் தேம்பித் தேம்பி அழுகிறார்கள். ஆண்டு முழுவதும் கோயில் வாசலை மிதிக்காதவர்களும் அன்று வந்துவிடுகிறார்கள்.

அப்புறம் ஈஸ்டர்? நள்ளிரவுப் பூசையில் வாசகங்கள் நீளம் என்று பாதிப் பேர் தூங்கி வழிகிறோம். மணிகள் முழங்க, திரை விலக, உயிர்த்த ஆண்டவரின் சுரூபம் தெரிந்ததும் திடுக்கிட்டு விழிக்கிறோம். வெளியே பட்டாசு. ‘ஈஸ்டர் வாழ்த்துகள்’ என்று கைகுலுக்கல். மறுநாள் பிரியாணி. திங்கட்கிழமை எல்லாம் முடிந்துவிடுகிறது. தவக்காலம் 40 நாள், பாஸ்காக் காலமோ பெந்தெகோஸ்தே வரை 50 நாள் என்று திருச்சபை கணக்கு வைத்திருக்கிறது. அந்த 50 நாளில் நாம் என்ன செய்கிறோம் என்று யாராவது கேட்டால் பதில் சொல்ல எனக்குத் தெரியவில்லை. (பத்தாம் வகுப்பினர் மட்டும் அரசுத் தேர்வைக் காரணம் காட்டித் தப்பித்துக்கொள்ளலாம்.)

இப்படி ஏன் ஆயிற்று என்று நான் யோசித்துப் பார்த்தேன். பெரிய வெள்ளி நமக்குப் புரிகிறது. துன்பம் இல்லாத வீடு ஏது? ஆனால் ஈஸ்டரை நாம் ஒரு நாடகத்தின் கடைசிக் காட்சியைப் போலவே நினைத்துப் பழகிவிட்டோம். கெட்டவர்கள் தோற்றார்கள், நல்லவர் வென்றார், கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து கைதட்டுங்கள் என்பதுபோல. வீட்டில் இன்னும் பெரிய வெள்ளி முடியாதவர்களுக்கு அத்தகைய ஈஸ்டர் எதைச் சொல்லும்? அவர்கள் வெள்ளிக்கிழமையோடு நின்றுவிடுகிறார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். உயிர்ப்பு என்றால் துக்கத்தை மறப்பது என்று நாம் எண்ணுவதுதான் தவறு என்பது என் கருத்து. நற்செய்தியில் உள்ள உயிர்ப்பு அப்படிப்பட்டதன்று.

என் வகுப்புத் தோழி ஒருத்தி இந்துப் பெண். நாங்கள் ஞானோபதேச வகுப்புக்குப் போகும் மணியில் அவளுக்கு நன்னெறி வகுப்பு. ஒரு நாள் அவள் என்னிடம், “ஆன்மா அழியாது என்று எங்கள் வீட்டிலும் சொல்கிறார்கள். பின்னே உங்களுக்கு மட்டும் எதற்கு இந்த உடம்பு திரும்ப வேண்டும்?” என்று கேட்டாள். நல்ல கேள்வி. நான் உடனே பதில் சொல்லவில்லை. இரண்டு வாரம் கழித்துத்தான் சொன்னேன். அவள் கேட்டது புதிய கேள்வியும் அன்று. புனித சின்னப்பர் ஏத்தென்ஸ் நகரில் அறிஞர் கூட்டத்தில் பேசியபோது, கடவுளைப் பற்றிச் சொன்னதையெல்லாம் அவர்கள் பொறுமையாகக் கேட்டார்கள். இறந்தோர் உயிர்த்தெழுவது என்ற பேச்சு வந்ததும் சிலர் நகைத்தார்கள் என்று அப்போஸ்தலர் பணி நூலில் இருக்கிறது. ஆன்மா அழியாதது என்று அந்த நாட்டு ஞானிகளே எழுதியிருந்தார்கள். அவர்களுக்குச் சிரிப்பை மூட்டியது உடல்தான்.

ஆனால் நம் விசுவாசப் பிரமாணத்தில் நாம் அறிக்கையிடுவது சரீரத்தின் உத்தானத்தை. ஏன் சரீரம்? விடை மக்கபேயர் இரண்டாம் ஆகமத்தின் 7-ஆம் அதிகாரத்தில் இருக்கிறது என்று நினைக்கிறேன். கிறிஸ்து பிறப்பதற்கு ஏறத்தாழ 170 ஆண்டுகளுக்கு முன் அந்தியோக்கஸ் என்னும் அரசன் யூதரைத் தங்கள் சட்டத்தை மீறும்படி வதைத்தான். ஏழு சகோதரரை அவர்கள் தாயின் கண் முன்னால் ஒரே நாளில் கொன்றான். மூன்றாமவன் தன் கைகளை நீட்டி, இவற்றைக் கடவுள் தந்தார், அவரிடமிருந்தே இவற்றைத் திரும்பப் பெறுவேன் என்ற பொருளில் பேசுகிறான். அந்தத் தாயும் தன் வயிற்றில் உருவான பிள்ளைகளைக் கடவுள் தனக்குத் திருப்பித் தருவார் என்று நம்புகிறாள்.

கவனியுங்கள், இந்த நம்பிக்கை தத்துவம் படித்தவர்களின் ஆராய்ச்சியில் பிறக்கவில்லை. வெட்டப்பட்ட கைக்கு நீதி வேண்டும் என்ற இடத்தில் பிறந்தது. எங்கோ ஒளியாக, காற்றாக மகன் இருக்கிறான் என்றால் அந்தத் தாய்க்குப் போதாது. அவள் குளிப்பாட்டிய உடம்பு அது. அவள் தலைவாரிய முடி அது. அதைத்தான் கொடுமைக்காரன் அழித்தான். அதைத்தான் கடவுள் மீட்க வேண்டும். எந்தத் தாயிடம் கேட்டாலும் இதையே சொல்வாள். என் தோழிக்கும் நான் சொன்ன பதில் இதுதான். அவள் ஒப்புக்கொள்ளவில்லை, ஆனால் அந்தத் தாயின் கதையை இன்னொரு முறை சொல்லச் சொன்னாள்.

உடனே சிலர் கேட்பார்கள்: எரிந்துபோன உடல், கடலில் காணாமற்போன உடல் என்னவாகும்? அதே எலும்பையும் அதே தசையையும் பொறுக்கி ஒட்டவைப்பது என்று திருச்சபை போதிக்கவில்லை. சின்னப்பர் கொரிந்தியருக்கு எழுதிய முதல் திருமுகத்தின் 15-ஆம் அதிகாரத்தில் விதையையும் பயிரையும் உவமையாகக் காட்டுகிறார். நாற்றங்காலில் தெளித்த நெல்மணி வேறு, ஆளுயரம் அசையும் கதிர் வேறு. ஆனாலும் அது இதுதான். உடலை எரிப்பதற்குத் திருச்சபை 1963-இல் அனுமதி தந்ததும் இக்காரணத்தால்தான். உயிர்ப்பிக்கும் கடவுளின் கைக்குச் சாம்பல் ஒரு தடையன்று.

இப்போது உயிர்த்த இயேசுவைப் பாருங்கள். அவருடைய உடல் மகிமை அடைந்த உடல். பூட்டிய கதவுகள் அவரைத் தடுக்கவில்லை. அப்படிப்பட்ட உடலில் ஆணித் தழும்புகள் ஏன் இருக்க வேண்டும்? மூன்றாம் நாள் உயிர் கொடுக்க முடிந்தவருக்கு ஐந்து காயங்களை ஆற்ற முடியாமலா போயிற்று? வேண்டுமென்றே அவை விடப்பட்டிருக்கின்றன. சீடர்களுக்குத் தோன்றியதும் அவர் முதலில் காட்டியது அவற்றைத்தான். எட்டு நாள் கழித்துத் தோமையாருக்கு அவற்றைத் தொடச் சொன்னார். தோமையாரைச் சந்தேகக்காரர் என்று நாம் ஏளனமாகப் பேசுகிறோம். எனக்கு அவர்மீது பரிவு உண்டு. அற்புத ஒளி எதையும் அவர் கேட்கவில்லை, காயத்தையே கேட்டார். காயம் இல்லாமல் ஒருவர் வந்து நின்றிருந்தால், அவர் வேறு யாரோ, என் ஆண்டவர் அல்லர் என்று அவர் திரும்பிப் போயிருப்பார்.

திருச்சபையும் இதை மறக்கவில்லை. பெரிய சனி இரவில் புது நெருப்பிலிருந்து ஏற்றும் பாஸ்காத் திரியை அருகில் போய்ப் பார்த்திருக்கிறீர்களா? அதில் ஒரு சிலுவையும், அகர னகரமும், அந்த ஆண்டின் எண்ணும் இருக்கும். சிலுவையில் ஐந்து சாம்பிராணி மணிகளைக் குருவானவர் பதிப்பார். அவை ஐந்து திருக்காயங்கள். மகிழ்ச்சியின் திரியிலேயே காயங்கள்! ஞானஸ்நானத்தின்போது குழந்தைக்கான மெழுகுவர்த்தியை அந்தத் திரியிலிருந்துதான் ஏற்றுகிறார்கள். அடக்கப் பூசையில் பிரேதப் பெட்டியின் அருகில் நிற்பதும் அதே திரிதான். தொட்டிலுக்கும் பெட்டிக்கும் ஒரே விளக்கு என்பதை யாரும் நமக்கு எடுத்துச் சொல்வதில்லை.

(இந்தச் சடங்கை நாம் இரவில் காண்பதே ஒரு பாக்கியம். 1951-க்கு முன் பல நூற்றாண்டுகளாகப் பெரிய சனியன்று காலையிலேயே இதை முடித்துவிடுவார்களாம். வெயில் ஏறும் நேரத்தில் ஒளியின் திரியை ஏற்றினால் யாருக்குத் தெரியும்? பன்னிரண்டாம் பத்திநாதர் அந்த ஆண்டில் பரீட்சார்த்தமாகவும், 1955-இல் வெளியான ஆணையின் மூலம் நிரந்தரமாகவும் இதை இரவுக்கு மாற்றினார். ஆகவே நள்ளிரவுப் பூசையில் கொட்டாவி விடும் தோழியர் சற்றே யோசிக்க வேண்டும்.)

சென்ற ஆண்டு எங்கள் பங்கில் பன்னிரண்டு வயதுப் பையன் ஒருவன் காய்ச்சலில் இறந்துபோனான். துக்கம் கேட்க அம்மாவுடன் நானும் போயிருந்தேன். வந்தவர்கள் எல்லாரும் அவன் தாயிடம், “அழாதீங்க, விசுவாசிகள் அழக்கூடாது”, “சம்மனசா ஆகிட்டான், சந்தோஷப்படுங்க”, “ஆண்டவர் சித்தம்” என்றே சொன்னார்கள். நல்ல மனத்தோடுதான் சொன்னார்கள். ஆனால் அந்தத் தாய் கொஞ்சம் கொஞ்சமாக அழுகையை அடக்கிக்கொண்டு, யாரிடமும் பேசாமல் சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிட்டதை நான் கண்டேன். அழுதால் விசுவாசம் இல்லை என்றாகிவிடுமே என்ற பயம்! பெரிய வெள்ளியன்று அவர் கோயிலுக்கு வந்திருந்தார். வியாகுல மாதாவின் காலடியில் வெகுநேரம் இருந்தார். ஈஸ்டர் இரவுக்கு வரவில்லை.

உயிர்ப்பின் பெயரால் அழுகையைத் தடுக்க நமக்கு யார் அதிகாரம் கொடுத்தார்கள்? லாசரின் கல்லறைக்கு முன் இயேசுவே அழுதார். இன்னும் சிறிது நேரத்தில் லாசரை எழுப்பப் போகிறோம் என்று அறிந்தும் அழுதார். இதைவிட வேறு சாட்சி வேண்டுமா? சின்னப்பர் தெசலோனிக்கருக்கு எழுதிய முதல் திருமுகத்தைச் சிலர் எடுத்துக் காட்டுவார்கள். அதில், நம்பிக்கை இல்லாதவர்களைப் போலத் துயரப்பட வேண்டாம் என்றுதான் சொல்லப்பட்டிருக்கிறது. துயரமே கூடாது என்று அவர் எழுதவில்லை. நம்பிக்கை உள்ளவர்களின் அழுகை என்று ஒன்று உண்டு. ஊருக்குப் போகிறவரைப் புகைவண்டி நிலையத்தில் வழியனுப்பும்போது நாம் அழுவதில்லையா? திரும்பி வருவார் என்று தெரியாமலா அழுகிறோம்?

முதல் ஈஸ்டர் காலையே அழுகையில்தான் தொடங்கியது. அருளப்பர் நற்செய்தியின்படி, கல்லறை வெறுமையாய்க் கிடப்பதைப் பார்த்துவிட்டு இராயப்பரும் மற்றச் சீடரும் வீட்டுக்குத் திரும்பிவிட்டார்கள். மதலேன் மரியாள் மட்டும் போகவில்லை. வெளியே நின்று அழுதுகொண்டிருந்தாள். உயிர்த்த ஆண்டவர் முதன்முதல் தோன்றியது அவளுக்கே. உனக்கு விசுவாசம் இல்லையா என்று அவர் அவளைக் கடிந்துகொள்ளவில்லை. ஏன் அழுகிறாய், யாரைத் தேடுகிறாய் என்று விசாரித்தார். பிறகு பெயர் சொல்லி அழைத்தார். கண்ணீரினால் அவள் அவரைத் தோட்டக்காரர் என்று எண்ணினாள் என்பார்கள். இருக்கலாம். ஆனால் அழாமல் வீட்டுக்குப் போயிருந்தால் அவரைக் கண்டிருக்கவே மாட்டாள்.

இது பெண்கள் பள்ளி ஆண்டு மலர் என்பதால் இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். கல்லறையிலிருந்து வந்த பெண்கள் சொன்னதைச் சீடர்கள் பிதற்றல் என்று ஒதுக்கினார்கள் என்று லூக்காஸ் ஒளிக்காமல் எழுதியிருக்கிறார். உயிர்த்தவரைக் கண்டவர்கள் என்று சின்னப்பர் கொரிந்தியருக்குத் தரும் பட்டியலில் இராயப்பர் உண்டு, பன்னிருவர் உண்டு, ஐந்நூறுக்கு மேற்பட்ட சகோதரர் உண்டு. மதலேன் மரியாளின் பெயர் இல்லை. நான்கு நற்செய்திகளிலும் கல்லறையண்டை அவள் இருக்கிறாள். பின் வந்த நூற்றாண்டுகளில் லூக்காஸ் கூறும் பெயர் தெரியாத பாவிப் பெண்ணோடு அவளைச் சேர்த்துக் குழப்பி, அவளுடைய சாட்சியத்தை மறந்து கூந்தலை மட்டும் ஓவியமாகத் தீட்டினார்கள். 2016-ஆம் ஆண்டு பாப்பரசர் பிரான்சிஸ் ஜூலை 22-ஆம் நாளில் வரும் அவளுடைய நினைவை அப்போஸ்தலர்களின் விழாவுக்குச் சமமான விழாவாக உயர்த்தச் செய்தார். தாமதம்தான். ஆயினும் அழுதுகொண்டு நின்ற ஒருத்தியின் சொல்லை நம்பித்தான் இந்த விசுவாசம் புறப்பட்டது என்பது எனக்குப் பெருமையாக இருக்கிறது.

உயிர்ப்பும் துக்கமும் ஒரே நாளில் வந்து மோதியதை நம் காலத்திலேயே பார்த்தோம். 2019-ஆம் ஆண்டு ஏப்ரல் 21, ஈஸ்டர் ஞாயிறு. இலங்கையில் கொழும்பு கொச்சிக்கடை புனித அந்தோனியார் திருத்தலத்திலும், நீர்கொழும்புக்கு அருகே கட்டுவாப்பிட்டி புனித செபஸ்தியார் கோயிலிலும், மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்திலும், கொழும்பில் மூன்று ஓட்டல்களிலும் தற்கொலைக் குண்டுகள் வெடித்தன. 250-க்கும் மேற்பட்டோர் மடிந்தனர். தமிழரும் சிங்களவரும் அயல்நாட்டாரும் அதில் உண்டு. மட்டக்களப்பில் ஞாயிறு பள்ளி முடிந்து நின்றிருந்த சிறு பிள்ளைகள் பலர் இறந்தார்கள். புத்தாடை உடுத்தி வந்த பிள்ளைகள். கட்டுவாப்பிட்டிக் கோயிலில் உயிர்த்த ஆண்டவரின் சுரூபத்தின்மேல் இரத்தம் தெறித்திருந்த படத்தை உலகப் பத்திரிகைகள் எல்லாம் வெளியிட்டன. அப்போது நான் சிறு பிள்ளை. பின்னாளில்தான் அந்தப் படத்தைப் பார்த்தேன். வெற்றிக் கொடியோடு நிற்கும் சுரூபங்களையே பார்த்துப் பழகிய கண்ணுக்கு, அது அருளப்பர் நற்செய்தியில் வருகிற உயிர்த்த இயேசுவுக்கு இன்னும் நெருங்கிய சாயலாகத் தெரிந்தது. சொல்லவே கூச்சமாயிருக்கிறது, ஆனாலும் அப்படித்தான் தெரிந்தது.

அடுத்த ஞாயிறு ஏப்ரல் 28. மேலும் தாக்குதல் நடக்கலாம் என்ற அச்சத்தால் இலங்கையில் கோயில்களில் பொதுப் பூசை நிறுத்தப்பட்டது. கர்தினால் மல்கம் ரஞ்சித் ஆண்டகை தம் இல்லத்துச் சிற்றாலயத்தில் நிறைவேற்றிய பூசையை மக்கள் வீட்டில் இருந்தபடி தொலைக்காட்சியில் கண்டார்கள். அன்றைய நற்செய்தி எது தெரியுமா? யாரும் தேர்ந்தெடுத்ததன்று, ஈஸ்டருக்கு அடுத்த ஞாயிறு ஒவ்வோர் ஆண்டும் அதே பகுதிதான். சீடர்கள் பயந்து கதவுகளைப் பூட்டிக்கொண்டிருந்ததும், இயேசு நடுவே வந்து நின்று சமாதானம் கூறித் தம் காயங்களைக் காட்டியதும், பின் தோமையார் வந்ததுமான பகுதி. ஆண்டுதோறும் கேட்டுக்கேட்டு நமக்குப் புளித்துப்போன வாசகம். பூட்டிய கதவுகளுக்குப் பின்னால், பிள்ளையைப் புதைத்த கையோடு அன்று அதைக் கேட்டவர்களுக்கு அது எப்படி இருந்திருக்கும்! காயமே இல்லாத ஒரு கிறிஸ்து அன்று அந்த வீடுகளுக்குள் நுழைந்திருக்க முடியாது.

இவ்வளவு கேள்விப்பட்ட பிறகும் ஈஸ்டரைப் பட்டாசோடும் பிரியாணியோடும் முடித்துவிடலாமா? பிரியாணி வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். உயிர்த்த ஆண்டவரே சீடர்களிடம் மீன் வாங்கி உண்டார், பின்பு ஏரிக்கரையில் அவர்களுக்குக் காலை உணவும் ஆக்கி வைத்தார். ஆனால் அதை யாரோடு உண்கிறோம்? அந்த ஆண்டில் சாவு விழுந்த வீடுகள் ஒவ்வொரு பங்கிலும் இருக்கின்றன. அந்த வீட்டில் முதல் கிறிஸ்துமஸைக் கொண்டாடமாட்டார்கள், அதனால் நாமும் பலகாரம் கொடுத்தனுப்புவதில்லை என்று ஒரு வழக்கம் வைத்திருக்கிறோம். ஈஸ்டருக்கும் அதே வழக்கத்தைக் கடைப்பிடிப்பது எனக்கு நியாயமாகத் தெரியவில்லை. முதலில் போக வேண்டிய வீடே அதுதானே? போய் உபதேசம் செய்ய வேண்டியதில்லை. அவர்கள் அழுதால் கூட இருக்கலாம். இறந்தவரின் பெயரைச் சொல்லிப் பேசலாம். துக்க வீட்டில் பெயரைச் சொல்லக்கூடாது என்று நாம்தான் தவிர்க்கிறோமே தவிர, ஆண்டவர் மரியாளைப் பெயர் சொல்லித்தான் அழைத்தார்.

நம் மரியாயின் சேனைப் பிள்ளைகளுக்கும் அருட்சகோதரிகளுக்கும் ஒரு விண்ணப்பமும் வைக்கிறேன். கல்லறைத் தோட்டத்திற்கு நாம் கூட்டமாகப் போவது நவம்பர் 2-ஆம் நாள் ஒன்றுதான். ருஷ்ய நாட்டு ஆர்த்தடாக்ஸ் சபையாருக்கு ஈஸ்டருக்குப் பின் ஒன்பதாம் நாள், செவ்வாய்க்கிழமை, ‘ரதோனித்சா’ என்றொரு நாள் உண்டு. அன்று கல்லறைகளுக்குப் போய் இறந்தவர்களுக்கே ஈஸ்டர் வாழ்த்துச் சொல்லி, சாயம் தோய்த்த முட்டைகளை வைத்துவிட்டு வருவார்களாம். கிறிஸ்து உயிர்த்துவிட்டார் என்பதை அந்தச் செய்தி அதிகம் தேவைப்படுகிறவர்களிடம் முதலில் சொல்கிறார்கள் போலும். நாமும் ஈஸ்டர் வாரத்தில் ஒரு மாலை கல்லறைத் தோட்டத்திற்குப் போகலாமே. கல்லறைகளைக் கூட்டிப் பெருக்கி, யாரும் வராத கல்லறைகளுக்கும் சேர்த்து மெழுகுவர்த்தி கொளுத்தி, அந்த ஆண்டில் அடக்கம் செய்யப்பட்டவர்களின் வீட்டாரை முன்னால் நிறுத்தி, ஈஸ்டர்ப் பாடல் ஒன்றை உரக்கப் பாடலாம். நவம்பரில் போனால் பாதி வேளை அடைமழை மெழுகுவர்த்திகளை அணைத்துவிடுகிறது. ஏப்ரலில் அந்தத் தொல்லையும் இல்லை.